பதினெட்டு பேர் ரத்தம்

"பதினெட்டு பேருக்கும் மலேரியாவா? நல்லாப் பாருய்யா" என்றார் ஹெல்த் ஆபீசர் கோதண்டராமன்.

"நல்லாப் பார்த்துட்டேன் சார். ஒண்ணு விடாம பாசிட்டிவ்" என்றார் லேப் டெக்னீஷியன் சிவப்பிரகாசம், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அன்றைக்குப் பார்த்து மெட்ராஸிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வேறு. வந்த அதிகாரி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் இரண்டு ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "ஆமாம், மலேரியாதான்" என்றார்.

திருவிடந்தைக்குத் தெற்கே ஒரு சின்னக் குப்பம். மொத்தமே அறுபது வீடு. அதில் பதினெட்டு பேருக்கு மலேரியா என்றால் சும்மாவா? மருந்தடிக்கிற ஆட்களையும் மாத்திரை டப்பாவையும் ஏற்றிக்கொண்டு மத்தியானமே ஜீப் கிளம்பிவிட்டது. ஆபீசரோடு சிவப்பிரகாசமும் போனார்.

போய்ப் பார்த்தால், நோயாளிகள் எல்லாம் ஜாம்ஜாமென்று உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் உடம்பும் சுடவில்லை.

"ரத்தமா? யாரு குட்த்தா?" என்றாள் பட்டியலில் மூன்றாவதாக இருந்த ஆதியம்மாள். "அந்தக் காத்தவராயன் ஊசிய எட்த்துகினு வந்தாலே தொரத்திவுட்ருவோம். ரெண்டு வாரமா அவனயே காணோம்."

காத்தவராயன் மலேரியா ஊழியன். சைக்கிளில் வீடு வீடாகப் போய், காய்ச்சல் கண்டவர்கள் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி லேபுக்கு அனுப்ப வேண்டியவன். யாரோ ஒரு ஆளுடைய ரத்தத்தையே பதினெட்டு கண்ணாடியில் தடவி, பதினெட்டு பேர் எழுதி அனுப்பிவிட்டான்!

"கவர்மெண்ட் சம்பளம் வாங்கிட்டு எப்படி சார் மனசு வருது?" என்று செங்கல்பட்டு வந்து சேரும்வரை ஆற்றாமல் புலம்பிக்கொண்டே வந்தார் சிவப்பிரகாசம்.

அவருக்குக் கோபம் வராதா பின்னே? லேபில் இரண்டு டெக்னீஷியன் இருக்க வேண்டும். ஒரு இடம் ஒன்றரை வருஷமாகக் காலி. தினம் இருநூறு, இருநூற்றைம்பது ஸ்லைடு வந்து குவிகிறது. அப்படியிருந்தும் மாசாந்திர அறிக்கையில் 'பாக்கி' என்ற கட்டத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறு எதையும் மனுஷன் போட்டதில்லை. "சிவப்பிரகாசத்தைப் பார்த்துக் கத்துக்குங்கய்யா" என்று ஆபீசர் மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்லுவார்.

மறுநாள் காத்தவராயன் வந்து நின்றான். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். அவனோ துண்டைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தான்.

"யாரோட ரத்தம் இது?" என்றார் ஆபீசர்.

"என்துதான் சார்."

விரல்களைக் காட்டினான். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஊசி குத்திய காயம்.

"எதுக்கு இந்த வேலை?"

"காய்ச்சல் சார். வுட்டு வுட்டு வருது. சைக்கிள் மெதிக்க முடில. கண்ணாடி கொறஞ்சா மெமோ வருமேன்னு பயந்துகினு அனுப்ட்டேன்."

ஆபீசர் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. அவன் நடுங்குவதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"காய்ச்சல்னா உன் பேர்லயே ஒரு ஸ்லைடு அனுப்ப வேண்டியதுதானே? மாத்திரையும் குடுத்து லீவும் குடுத்திருப்போம். அப்படி அனுப்பினேன்னு ஒரு துண்டுக் காகிதம் இருந்தாக் காட்டு. மெமோவோட விட்டுடறேன்."

காத்தவராயன் துண்டை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டான்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க சார்."

"அப்போ நான் பண்றதுக்கு ஒண்ணுமில்லே" என்றார் ஆபீசர். சஸ்பெண்ட் ஆர்டர் டைப் ஆயிற்று.

பெண்டாட்டியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிற ஆள். சிவப்பிரகாசத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்? லேபுக்குள் போய் மாத்திரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

"இந்தா, அஞ்சு நாளைக்கு மாத்திரை. இதைச் சாப்பிட்டாத்தான் முழுசா விடும். மொதல்லயே ஒழுங்கா உன் ரத்தத்தை அனுப்பியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? இனிமேலாவது நேர்மையா இரு."

காத்தவராயன் மாத்திரையை வாங்கிக்கொண்டான். நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

லேபிலிருந்து அவனுக்குப் போன ரிசல்ட் பட்டியல். ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதி. மொத்தம் இருபத்திரண்டு பேர். ஏழாவது வரியில், 'காத்தவராயன், வயது 34, மூன்று நாளாகக் காய்ச்சல்' என்று எழுதியிருந்தது.

ரிசல்ட் கட்டத்தில் முதல் பேருக்கு நேரே 'மலேரியா இல்லை'. அதிலிருந்து கடைசிப் பேர் வரைக்கும் ஸ்கேல் வைத்து ஒரே கோடு. கீழே சிவப்பிரகாசத்தின் கையெழுத்து.

அந்த வாரம் வந்த ஸ்லைடுப் பெட்டிகளை அவர் திறக்கவே இல்லை. அந்த வாரம் மட்டுமா? காகிதத்தை அவசரமாக மடித்துக்கொண்டு ஆபீசர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இதை... உள்ளே ஏம்ப்பா காட்டலே?"

"நீங்களே வெச்சுக்குங்க சார்" என்றான் காத்தவராயன். "ஒத்த ஆளா அறுநூறு வூடு சுத்தறவன் நானு. ஒத்த ஆளா அம்மாம் கண்ணாடி பாக்கறது இன்னா பேஜாருன்னு எனக்குத் தெரியாதா?"