இரண்டு கேள்விக்கும் சைபர்

இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேருக்கும் சைபர், சைபர்.

அர்லீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள். ஊரில் ஒருத்தருக்குக்கூடவா மனசு சரியில்லாமல் இருக்காது?

மார்ச் முப்பத்தொன்று. போன வருடத்து விவரங்களை அரசாங்கத்துக்கு அனுப்பக் கடைசி நாள். எத்தனை நோயாளிகளிடம் எதையெல்லாம் கேட்டோம், அளந்தோம் என்று கணினிப் பதிவிலிருந்து சதவீதம் எடுத்து அனுப்ப வேண்டும். நன்றாக இருந்தால் டாக்டருக்கு ஊக்கத்தொகை, மோசமாக இருந்தால் வெட்டு. நெப்ராஸ்காவின் ஒரு விவசாய ஊரில் ஒற்றை டாக்டரை வைத்து ஓடும் அந்தக் கிளினிக்கில் இந்த வேலை வருடா வருடம் வரவேற்பு மேஜையில் உட்காரும் அர்லீன் தலையில்தான் விழும்.

அந்தக் கேள்விகளில் இரண்டு, மனச்சோர்வைப் பற்றியவை. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா? மனம் உடைந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? இல்லவே இல்லை என்றால் சைபர்.

கேட்பது டானிகாவின் வேலை. ஆகஸ்டில் சேர்ந்த நர்ஸ். ரத்த அழுத்தம் பார்க்கும்போதே இதையும் கேட்டுப் பதிய வேண்டும்.

கேட்டாளா?

யார், எந்த நொடியில், எதைத் தட்டினார்கள் என்று கணினி தனியாக ஒரு குறிப்பு வைத்திருக்கும். அர்லீன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைத் துருவினாள். இரண்டு கேள்விக்கும் சேர்த்து நான்கு நொடி. ஒவ்வொருவருக்கும் அதே நான்கு நொடி. அதற்குள் கேள்வியைப் படித்துக்கூட முடிக்க முடியாது.

உள்ளே டானிகா போனைப் பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பும் அர்லீனுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. மனசில் கள்ளம் இருப்பவர்கள்தான் வேலை நேரத்தில் அப்படிச் சிரிப்பார்கள் என்று ஒரு கணக்கு அவளிடம் இருந்தது.

டாக்டர் ஓல்மர் தலையை நீட்டினார். "தொண்ணூத்தாறு சதவீதம் வந்திருக்கு, இன்னும் எதைத் தோண்டுற? அம்மா தாயே, அந்தப் பட்டனை அமுக்கித் தொலையேன்."

'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று எழுதிய பட்டன் அது. அவள் அமுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் அவர் வருத்தப்பட்டிருப்பார். இருநூற்றுப் பதினொரு பேரைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. ஒரே ஒருவனைப் பற்றித்தான்.

டுவெய்ன். அவள் புருஷன். அக்டோபர் இருபத்தொன்பது, காலை ஒன்பது பதினான்கு. சைபர், சைபர்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள், சோள அறுவடை முடிந்த கையோடு, டுவெய்ன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு நர்ஸ் கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ. ஒருத்தி கேட்டிருக்கலாம். கேட்காமலே நான்கு நொடியில் தட்டிவிட்டுப் போயிருக்கிறாள். டானிகா பொய்க்காரியாக இருக்க வேண்டும் என்று அர்லீன் ஐந்து மாதமாக வேண்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டானிகா பரிசோதனைக் கட்டிலில் புதுக் காகிதம் விரித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு செகண்ட்ல ரெண்டு கேள்வி கேட்டுப் பதிலும் வாங்கிடுவியா நீ?"

டானிகா தாளைப் பார்த்தாள். பயந்ததாகத் தெரியவில்லை.

"பேசி முடிச்சிட்டுத்தாங்க தட்டுவேன், அதான் நாலு செகண்ட். எல்லார்கிட்டயும் கேட்டேன். 'குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா'ன்னுவாங்க. உங்க ஊர் ஆளுங்க மெஷின்ல கை போனாக்கூட அதைத்தான் சொல்லுவாங்க. நான் என்ன பண்ண, சைபர் போடுவேன்."

அது உண்மை என்று அர்லீனுக்குத் தெரியும். அவளுடைய அப்பா சாகிற அன்றும் அதைத்தான் சொன்னார். ஆனாலும் விடவில்லை. டுவெய்ன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தாள்.

"இவர்கிட்டயும் கேட்டியா?"

டானிகா காகிதத்தை விட்டுவிட்டாள். கதவைப் பார்த்தாள்.

"கேட்டேன்."

"குறை சொல்ல ஒண்ணுமில்லன்னு சொன்னாராக்கும்?"

"இல்லைங்க. அவர் மட்டும் அப்படிச் சொல்லல. தொப்பியை மடியில வச்சுக்கிட்டுத் தரையையே பாத்துட்டு இருந்தார். என்னமோ சொல்ல வர்ற மாதிரிதான் இருந்துச்சு, நானும் காத்துக்கிட்டு இருந்தேன்." அவள் குரல் இறங்கிப்போனது. "அப்பதான் நீங்க கதவைத் திறந்து எட்டிப் பாத்தீங்க. 'சைபர் போடு டானிகா, அவருக்கு ஒரு கேடும் இல்ல, வெளிய அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க'ன்னீங்க. அவர் உங்களைப் பாத்துச் சிரிச்சார். நான் போட்டுட்டேன்."

அப்படிச் சொன்னதாக அர்லீனுக்கு நினைவே இல்லை. அன்று காலை வெளியே உட்கார்ந்திருந்த ஐந்து பேர் யார் யார் என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது.