எந்திரி ராசா

ஆசையாக வைத்திருந்த பழைய காரை ஏதோ ஒரு வேகத்தில் கீரிக்கு விற்றுவிட்ட கரடிக்கு, மூன்று நாளாகத் தேன்கூட இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் கீரி வந்து நின்றது.

"அண்ணே, உங்க வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

'உங்க வண்டி' என்று காதில் விழுந்ததுதான் தாமதம், கரடி முகம்கூடக் கழுவாமல் ஓடியது. சோக்கைப் பாதி இழுத்தது, டேஷ்போர்டில் ரெண்டு தட்டு தட்டியது, "எந்திரி ராசா" என்றது. வண்டி குலுங்கி உறுமியது. கரடிக்குப் புல்லரித்துவிட்டது. குன்றை மூன்று முறை சுற்றி வந்த பிறகுதான் இறங்கியது.

"இவ்வளவுதானாண்ணே? இனி நானே தட்டிக்கிறேன்" என்றது கீரி.

கரடியின் முகம் சுருங்கிவிட்டது. "எதுக்கும் ஒரு தடவை பார்த்துடறேன்" என்று பானெட்டைத் திறந்து, கீரி திரும்பிய நேரம் பார்த்து ஒரு ஒயரைத் தளர்த்தி வைத்தது.

மறுநாள் விடியும்போதே குளித்து, தலைசீவி, வாசலில் உட்கார்ந்துவிட்டது. தூரத்தில் கீரி நடந்து வருவது தெரிந்ததும் எழுந்து ஓடியது.

"இன்னைக்கும் கிளம்பலையா?"

"நான் இன்னும் வண்டிகிட்டயே போகலண்ணே. நேத்து உங்க சந்தோஷத்தைப் பார்த்தேன். தினமும் காலையில நீங்களே ஒரு சுத்து ஓட்டுங்கன்னு சொல்ல வந்தேன்."