பாலம் இடிந்த கேள்வி

ஆற்றுப் பாலம் இடிந்ததில் இறந்தவர்கள் நாற்பது பேர் என்றுதான் எல்லாச் செய்தித்தாள்களும் எழுதின. கோச்சிங் சென்டரின் நடப்பு நிகழ்வுகள் புத்தகத்தில் மட்டும் நாற்பத்தொன்று என்றிருந்தது. வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா போய்க் கேட்டாள்.

"ஆன்சர் கீயில என்ன இருக்கோ அதாம்மா விடை. ஆராய்ச்சி பண்ணாத," என்று எரிந்து விழுந்தார் சார்.

தம்பிக்கு அதைக் கேட்டு ஒரே சிரிப்பு. அந்தப் பாலத்தோடு ஆற்றில் விழுந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் நீந்திக் கரையேறியவன் அவன். பரீட்சையன்று வண்டியில் கொண்டுவந்து விட்டபோதும், "நாப்பத்தொண்ணுன்னே போடுக்கா. மார்க்குதான் முக்கியம். நான் இங்கயே நிக்கிறேன்," என்றான்.

அதே கேள்வி வந்தது. நாற்பதும் நாற்பத்தொன்றும் அடுத்தடுத்து இருந்தன. அக்கா ஏற்கெனவே மூன்று முறை ஒரே ஒரு மார்க்கில் கோட்டை விட்டவள். ஜன்னல் வழியே பார்த்தாள். மரத்தடியில் தம்பி கையசைத்தான். அவள் குனிந்து, நாற்பத்தொன்றின் வட்டத்தைக் கறுப்பாக்கினாள்.

வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மரத்தடியில் வண்டி மட்டும் நின்றது. ஸீட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது.

விடை சரிதான். அக்கா கைக்குட்டையால் ஸீட்டைத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.