மூன்றாம் மாடி டப்பா

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே படிக்கட்டை நோக்கிப் போனாள் புழுக்காரி.

அது அந்தக் குடியிருப்பு அவளுக்கு வைத்த பெயர். வீடு வீடாகக் காய்த்தோலும் பழத்தோலும் வாங்கிப் போய், தொட்டிகளில் புழு வளர்த்து, வண்ணமீன் கடைக்குக் கொடுப்பாள். கருவாட்டுத்தூள் தீனி போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், "உன் புழுவைத் தின்ன பிறகுதான் மீனுக்கு நிறமே வருது" என்று அவள் புழுவுக்கு மாறியவர்.

அந்த மனுஷரே நேற்றுக் கறாராகச் சொல்லிவிட்டார். "மூணு வாரமா புழு சரியா வரலை. இன்னொரு வாரம் கையை விரிச்சே, வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

தொட்டியில் பாதிப் புழு செத்துக் கிடந்தது. காரணம் நேற்றுதான் அவளுக்குப் பிடிபட்டது. எண்ணெயும் உப்பும். மூன்றாம் மாடி டீச்சர் வீட்டு வாளியில் மட்டும், ஒரு மாதமாகத் தோலுக்கு மேலே ஒரு டப்பா. உள்ளே சோறும் வதக்கிய காயும்.

"முகமே சரியில்லையே, சாப்பிட்டியா?" என்றார் வாட்ச்மேன்.

"என் வயிறு கிடக்கட்டும் அண்ணே. அங்கே வாயில்லா ஜீவனெல்லாம் காத்துக் கிடக்கு."

"வாயில்லாமலா இத்தனை வாளியைத் தின்னுது?"

சிரிக்கத் தெம்பில்லை அவளுக்கு. மூன்று மாடியையும் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள்.

டீச்சர் கதவைத் திறந்தார். கையில் வாளி. மேலே டப்பா.

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்குப் புண்ணியமா போகும் டீச்சர், இதை வைக்காதீங்க! ஒண்டி ஆளுக்கு எவ்வளவு ஆக்குவீங்க? மிஞ்சுதுன்னா குறைச்சு ஆக்கக் கூடாதா? நல்ல சோத்தை இப்படித் தினமும் கொட்டுறதுக்கு எப்படித்தான் மனசு வருதோ!"

சொன்ன பிறகு குரல் இறங்கிவிட்டது.

"எண்ணெய் பட்டு என் புழுவெல்லாம் செத்துப்போச்சு டீச்சர். அந்தக் கடையும் போயிட்டா நான் எங்கே போவேன்?"

டீச்சர் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு மாசமா, அத்தனையுமா புழுவுக்குப் போட்டே?"

"பின்னே? அதுக்குத்தானே குடுத்தீங்க?"

டீச்சர் வாளியைக் கீழே வைத்தார்.

"போன மாசம் இதே வாசல்ல தலை சுத்தி உட்கார்ந்தே. ஒரு வாய் சாப்பிட்டுப் போம்மான்னேன். 'எனக்கு ஒண்ணும் வேண்டாம், குடுக்கறதைப் புழுவுக்குக் குடுங்க'ன்னு வெடுக்குன்னு எழுந்து போயிட்டே. அன்னையிலேர்ந்து, புழு பேரைச் சொல்லி உனக்குத்தாம்மா சமைச்சிட்டிருக்கேன்."