பெரியக்காவின் உச்சி வரி

நாத்தனார் சண்டைன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுட்டீங்களே! நகை, பாத்திரம்னு எதிர்பார்த்தா ஏமாந்துதான் போவீங்க. இது கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுச் சண்டை.

எங்க சர்ச் பாட்டுக்குழுவுல, அதான் கொயர்ல, எல்லாருக்கும் 'பெரியக்கா'ன்னு ஒருத்தங்க. பாட்டை நாலு குரலுக்குப் பிரிச்சு எழுதுற மாஸ்டர், அவங்க கூடப்பிறந்த தம்பி. கடைசிப் பாட்டுல உச்சிக்கு ஏறுற வரியை இருபத்திரண்டு வருஷமா பெரியக்காதான் தனியா பாடுறாங்க.

அன்னிக்கு ஒத்திகையில புதுத் தாளை வாங்கினாங்க. கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்தாங்க.

"என்னடா இது? என் வரிக்கு மேல 'எல்லாரும்'னு போட்டிருக்கே?"

"இந்தத் தடவை ரெக்கார்டிங் இருக்குக்கா. மேல்குரல் பாடுற எட்டுப் பேரும் சேர்ந்து பாடினா நிறைவா இருக்கும்."

"ஓஹோ! நாலு சுவத்துக்குள்ள பாட நான் வேணும். ஊரே கேக்கப் போகுதுன்னா நான் வேண்டாமா?"

பியானோ நின்னுபோச்சு. முப்பது பேரும் தாளுக்குள்ள தலையைப் புதைச்சுக்கிட்டாங்க.

"இது உன் மூளை இல்லடா. தலையணை மந்திரம்!" பெரியக்கா தம்பி பொண்டாட்டி பக்கம் திரும்பினாங்க. "ஏம்மா, கொயருக்கு வந்து முழுசா நாலு வருஷம் ஆகல, அதுக்குள்ள என் வரியைப் பிடுங்கப் பாக்கறியா?"

"ஐயோ அண்ணி, சத்தியமா இல்ல..."

"நடிக்காதே. உச்சிக்கு ஏறத் தெரியாதவங்கதான் கும்பல்ல ஒளிஞ்சுப்பாங்க. எனக்கு எதுக்குக் கும்பல்?"

அவளுக்குக் கண் கலங்கிடுச்சு. ஏதோ சொல்ல வாயெடுத்தா. மாஸ்டர் வேண்டாம்னு தலையை ஆட்டினார்.

"கண்ஜாடை வேறயா? நல்லா இருக்குடா குடும்பம்!"

பெரியக்கா தாளை நாலா மடிச்சு பியானோ மேல வச்சாங்க.

"முடிவாச் சொல்றேன். அந்த வரி என்னோடது. எனக்குத் தனி மைக் வை. இல்லேன்னா இன்னியோட கொயருக்கும் ஒரு கும்பிடு, உனக்கும் ஒரு கும்பிடு!"

மாஸ்டருக்கு நெத்தியெல்லாம் வேர்வை.

"அக்கா... தனி மைக் மட்டும் வேண்டாமே..."

"ஏன் வேண்டாம்? காரணத்தைச் சொல்லு!"

அவர் மடிச்ச தாளை எடுத்துப் பிரிச்சு நீவ ஆரம்பிச்சார்.

"சொல்லுடா!"

பின்வரிசையில அடிக்குரல் பாடுற தையல்காரர், மனசுல இருக்கறதை அப்படியே கொட்டிடற மனுஷன். அவருக்குப் பொறுக்கல.

"தனி மைக்கா? வேண்டாம் பெரியக்கா, மானம் போயிடும்! மூணு வருஷமா அந்த உச்சியில உங்க வாய்தான் திறக்குது, வெறும் காத்துதான் வருது. உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு பாடறது உங்க தம்பி பொண்டாட்டி!"