மணல்மேட்டில் பச்சை உடம்பு

சுவர்ப் பூச்சு பாதியில் நிற்கிறது. கலவை போடும் இடத்தை ஒட்டி, மணல்மேட்டில் குழி பறித்துக் குட்டி போட்டிருக்கிறது ஒரு நாய். குட்டிகளின் ஈர முதுகில் காலை வெயில் மினுங்குகிறது. விரட்டுவதற்கு மேஸ்திரி கம்பை ஓங்குகிறார். சித்தாள் அக்கா குறுக்கே நிற்கிறாள். "பச்ச உடம்புண்ணே. அதுக்குள்ள இருக்கற ஆத்மாதான் உங்களுக்குள்ளயும் இருக்கு." "அப்ப அந்த ஆத்மாவையே வந்து சுவரைப் பூசச் சொல்லு!" என்கிறார் மேஸ்திரி. எல்லோரும் சிரிக்கிறோம், மணல் வெட்டும் என் முதுகுக்கும் நல்ல ஓய்வு. நாய் ஓடவில்லை. மேஸ்திரியைப் பார்த்தபடி குட்டிகளைச் சுற்றி உடம்பை இன்னும் வளைத்துக்கொள்கிறது. கம்பு தாழ்கிறது. மேட்டின் மறுபக்கம் போய் அவரே மண்வெட்டியைப் பிடிக்கிறார். இனி மணல் சட்டியை மேட்டைச் சுற்றிச் சுமக்க வேண்டும்; யாரும் முனகவில்லை. நானும் இன்னொரு மண்வெட்டியை எடுத்து ஓங்கி வெட்டப் போகிறேன். மேஸ்திரி அதட்டுகிறார்: "மெதுவாடா! மணல் சரிஞ்சு புள்ளைங்க மேல விழுந்துடப் போவுது."