பத்து கெஜம்

விழுந்த இடத்திலிருந்து எழும்போதே வலது முட்டி போய்விட்டது என்று ஹெட்லிக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்து ரக்பி லீக்கில் மாற்று ஆள் கிடையாது. பதின்மூன்று பேரில் ஒருவன் வெளியே போனால் மிச்சம் பன்னிரண்டுதான்.

கேப்டன் ஓல்ராய்ட் அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "விங்ல போய் நில்லு. நொண்டாத. நீ நல்லாத்தான் இருக்கேன்னு அவனுங்க நெனச்சாப் போதும்."

யார்க்‌ஷயரில் எல்லா அணியும் செய்வதுதான். அடிபட்டவனைக் கோட்டோரம் நிறுத்திவிட்டு, பந்து அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வார்கள்.

ஹெட்லிக்கு இருபத்தொரு வயது. முதல் அணியில் இது மூன்றாவது ஆட்டம். கிளப் கமிட்டிக்காரர்கள் அவனைப் பார்க்கத்தான் தொப்பியோடு மேலே உட்கார்ந்திருந்தார்கள். பிடித்துப்போனால் அணியில் நிரந்தர இடம். கூடவே, சுரங்கத்துக்குள் இறங்காமல் மேலே சுரங்க விளக்குகளைத் துடைத்துத் தரும் விளக்கறையில் வேலை. இல்லையென்றால் பழையபடி இருட்டுக்குள் இறங்க வேண்டியதுதான்.

எதிரணியில் அவனுக்கு நேரே நின்றவன் ஆம்ப்லர். அவன் ஓட்டத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசுவார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஹெட்லியைப் பார்த்து மெல்லச் சிரித்தான்.

ஹெட்லி விட்டுக்கொடுப்பானா? தானும் இடுப்பில் கை வைத்தான். நல்ல காலில் இரண்டு குதி குதித்துக் காட்டினான். விசில்கூட அடித்தான்.

பந்து அவர்கள் பக்கம் வரவேயில்லை. கடைசியில் ஓடவிடத்தான் ஆம்ப்லரைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று ஹெட்லி நினைத்துக்கொண்டான்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். ஏழுக்கு ஐந்து என்று ஹெட்லியின் அணி பின்தங்கியிருந்தது. கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால் மூன்று புள்ளி, ஜெயித்துவிடலாம். அப்போது பார்த்து, யார் கையிலிருந்தோ தெறித்த பந்து நேராக ஹெட்லியின் நெஞ்சில் வந்து விழுந்தது.

கோட்டுக்குப் பத்து கெஜம். நடுவில் ஆம்ப்லர் ஒருவன்தான்.

ஆம்ப்லர் அசையவில்லை. வா, வந்துதான் பாரேன் என்பதுபோல் நின்றான்.

ஹெட்லி பயந்துவிட்டான். பந்தை அவசரமாக உள்பக்கம் வீசினான். அது யார் கைக்கும் போகாமல் சேற்றில் உருண்டது.

காலில் வேர் விட்டுவிட்டதா என்று கூட்டத்தில் ஒருவன் கேட்க, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹெட்லி குளித்து வருவதற்குள் அவன் வேண்டாமென்று கமிட்டி முடிவெடுத்துவிட்டது. முட்டியைப் பற்றி அவன் சொன்னதற்கு, அடிபடுவது எல்லோருக்கும் உள்ளதுதானே என்றார்கள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டுப் போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் ஆம்ப்லர் உட்கார்ந்திருந்தான். ஹெட்லியின் முகத்தைப் பார்த்ததும் சிரித்தான். ஹெட்லி ஊன்றி வந்த கம்பை அவன் கவனிக்கவில்லை.

"மொதப் பாதியிலயே கணுக்கால் ஒடஞ்சிருச்சு தம்பி. எங்காளுங்க என்னயக் கொண்டாந்து ஓரத்துல நிறுத்திட்டாங்க. பந்தோட நீ நின்னப்ப, தொலஞ்சோம்னு நெனச்சேன். ஆமா, ஏன் நீ வரல?"

ஹெட்லி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்தான்.

ஆம்ப்லரின் சிரிப்பு நின்றுவிட்டது.

பத்து கெஜம். நொண்டியடித்தே போயிருக்கலாம்.